மலபாரைப் பார்க்காத மலபார்கள்

இந்தியப் பெருங்கடலில், மொரீஷியஸுக்குப் பக்கத்தில், ரீயூனியன் என்றொரு தீவு இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் ஆப்பிரிக்காவுக்கு அருகில் கிடக்கும். ஆனால் 1946 முதல் அது பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டம். கடைக்குப் போனால் யூரோ, அலுவலகம் போனால் பிரெஞ்சு.

அந்தத் தீவில் ராமசாமி, பெருமாள், மீனாட்சி, வீரப்பிள்ளை என்றெல்லாம் குடும்பப் பெயர் உள்ளவர்கள் ஏராளம். அவர்கள் கோயில்களில் மாரியம்மன் இருக்கிறாள். பாஞ்சாலிக்கு விரதம் இருந்து தீ மிதிக்கிறார்கள். முருங்கைக் கீரை சமைக்கிறார்கள், அதை 'முருங்' என்றே சொல்கிறார்கள். இவர்களில் ஒருவரிடம், 'நீங்கள் எந்த இனம்?' என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் 'தமிழன்' என்பதல்ல. 'மல்பார்' என்பார்கள். பெண்ணாக இருந்தால் 'மல்பாரேஸ்'.

மல்பார் என்றால் மலபார்தான். கோழிக்கோடும் கண்ணூரும் இருக்கிற அந்த மலபார் கரை. ஆனால் இவர்களில் பெரும்பாலோரின் முன்னோர் கப்பல் ஏறியது மலபாரில் அல்ல; அதற்கு நேர் எதிர்த் திசையில், நம் சோழமண்டலக் கரையில். பாண்டிச்சேரியில், காரைக்காலில்.

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் பக்கம், கோட்டுச்சேரியை ஒட்டி வரிச்சிக்குடி இருக்கிறது. அங்கே யாரையாவது நிறுத்தி, 'நீங்க மலபாரா?' என்று கேட்டால், 'அது கேரளாவுலல்ல இருக்கு' என்று சிரிப்பார்கள். ஆனால் 200 வருடங்களுக்கு முன்னால், இதே ஊரில் ஏர் ஓட்டிய ஒருவரைப் பற்றி ஒரு பிரெஞ்சு அதிகாரி காகிதத்தில் எழுத நேர்ந்திருந்தால், 'மலபார்' என்றுதான் எழுதியிருப்பார். பக்கத்து ஊர் டேனிஷ் பாதிரியாரும் அப்படித்தான் எழுதினார். கொழும்பில் இருந்த ஆங்கிலேயரும் அப்படித்தான் எழுதினார்.

ஒரு பெரிய இனத்தின் பெயரையே உலகம் எப்படி மாற்றி எழுதியது?

ஒரே ஆட்சியில் இரண்டு கரை

இந்தக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சுக்காரர்களுக்கு உண்மையான மலபார் எது என்று நன்றாகவே தெரியும். 1720-களிலேயே மாஹே அவர்கள் கைக்கு வந்துவிட்டது. அசல் மலபார்க் கரை ஊர் அது. மலையாளம் பேசுகிற ஊர். தஞ்சாவூர் ராஜ்ஜியத்திடமிருந்து காரைக்கால் வந்தது 1739-ல். இன்றைக்கும் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் ஒரே யூனியன் பிரதேசம். இரண்டு ஊர் தமிழ், ஒன்று மலையாளம், ஒன்று தெலுங்கு.

மாஹேயில் நின்று மலபாரைப் பார்த்தவர்களே, காரைக்காலில் நின்றுகொண்டு இங்கிருந்தவர்களையும் மலபார் என்றார்கள். அப்படியானால் அந்தத் தவறு அவர்கள் செய்ததல்ல. அவர்கள் வருவதற்கு முன்பே உருவாகி, ஊர் ஊராகப் பரவி, வழக்கமாகிவிட்ட ஒன்று.

மலையும் பாரும்

'மலபார்' என்ற சொல்லின் முதல் பாதி நம்முடையது: மலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து நாடு என்பதால் மலைநாடு, மலையாளம். மிளகு வாங்க வந்த மேற்கத்திய வணிகர்கள் அந்தக் கரையை 6-ம் நூற்றாண்டிலேயே 'மலே' என்று குறித்திருக்கிறார்கள். அதன்பின் வந்த அரபு, பாரசீக வணிகர்கள் அதனோடு நாடு, கரை என்ற பொருள் தரும் 'பார்' என்ற தங்கள் சொல்லைச் சேர்த்தார்கள். மலை-பார், மலிபார், மலபார். ஆப்பிரிக்கக் கரையில் உள்ள ஜான்ஜிபாரில் இருப்பதும் இதே 'பார்'தான்.

நம் கிழக்குக் கரைக்கு அரபுக்காரர்கள் வைத்திருந்த பெயர் வேறு: 'மாபார்'. கடந்து போகும் இடம், துறை என்று பொருள். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, பாண்டிய நாட்டைப் பற்றி எழுதும்போது இந்தப் பெயரைத்தான் பயன்படுத்துகிறார். மதுரையில் 14-ம் நூற்றாண்டில் நடந்த சுல்தான்கள் ஆட்சிக்கும் மாபார் சுல்தானகம் என்றே பெயர்.

ஆக, அரபு வணிகர்களுக்குக் குழப்பமே இல்லை. மேற்கே மலிபார், கிழக்கே மாபார். கரைக்குக் கரை பெயர் தனித்தனி.

குழப்பம் வந்தது 1498-க்குப் பிறகு. அந்த வருடம் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு கரையில் வந்து இறங்கினார். போர்ச்சுகீசியர் முதலில் பார்த்த இந்தியா, மலபார். முதலில் காதில் விழுந்த மொழி, மலபார்க் கரையில் பேசிய மொழி. கொஞ்ச காலம் கழித்து அவர்கள் குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்கு வந்தபோது, இங்கே பேசுவதும் கிட்டத்தட்ட அதே மாதிரி கேட்டது. அம்மா இங்கேயும் அம்மா, மீன் இங்கேயும் மீன். 'இதுவும் மலபார்தான்' என்று எழுதிக்கொண்டார்கள்.

தமிழ் எழுத்துகளில் அச்சில் வந்த முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்', 1578-ல் கொல்லத்தில் அச்சானது. வெறும் 16 பக்கம். அதன் போர்ச்சுகீசியத் தலைப்பிலேயே இந்த மொழிக்கு 'மலபார் தமிழ்' என்று இரண்டு பெயர்களும் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. நம் எழுத்து அச்சுக்கு வந்த அன்றே அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

தரங்கம்பாடிப் பாதிரியார்

வரிச்சிக்குடிக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிற தரங்கம்பாடி, அப்போது டேனிஷ்காரர்களின் ஊர். 1706-ல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க், தமிழை ஆசையோடு கற்றவர். தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார்.

இவ்வளவு தமிழ் தெரிந்தவரே, தான் சேர்த்த தமிழ்ச் சுவடிகளின் பட்டியலுக்கு 'மலபார் நூலகம்' என்றுதான் பெயர் வைத்தார். இங்குள்ள சாமிகளைப் பற்றி 1713-ல் எழுதி முடித்த நூலுக்கு 'மலபார் தெய்வங்களின் வம்சாவளி' என்று தலைப்பு. அதில் இருப்பதோ ஐயனாரும் மாரியம்மனும், நம் கிராமத்து எல்லைச் சாமிகளும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று அங்கே பழகிய பெயரைப் போட்டார். ஆனாலும் 1716-ல் அச்சான அவருடைய இலக்கண நூலின் தலைப்பில் 'தமுலிக்கா' என்ற பெயர் வந்துவிட்டது. இந்த மக்கள் தங்கள் மொழியை என்ன சொல்கிறார்கள் என்பது அவர் காதில் விழுந்திருந்தது.

1779-ல் சென்னை வேப்பேரியில் பப்ரிசியஸ் வெளியிட்ட தமிழ் அகராதியும் 'மலபார் - ஆங்கில அகராதி' என்ற பெயரில்தான் வந்தது. இலங்கையிலும் இதே கதை. கண்டி ராஜ்ஜியத்தைக் கடைசியாக ஆண்ட நாயக்க மன்னர்கள், மதுரைப் பக்கத்து உறவு கொண்டவர்கள். 1815-ல் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றி எழுதிய ஒப்பந்தத்தில் அந்த அரச குலத்தை 'மலபார்' என்றே குறித்து, இனி அவர்களுக்கு ஆட்சி உரிமை இல்லை என்று எழுதினார்கள். கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்குக் கைதியாகக் கொண்டுவரப்பட்டார்.

'இது தவறான பெயர்' என்று மொழியியல் காரணத்தோடு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் கால்டுவெல். 1856-ல் வெளியான அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், தமிழ் வேறு மலையாளம் வேறு என்பதைத் தெளிவாக்கியது. ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் தமிழர்களைக் குறிக்க 'மலபார்' என்று சொல்வது மெல்ல மெல்ல ஓய்ந்தது.

ஆனால் அதற்குள் அந்தச் சொல், ஆயிரக்கணக்கான மனிதர்களோடு கப்பல் ஏறிவிட்டது.

லிபியர் என்றால் யார்?

இப்படி நடப்பது தமிழர்களுக்கு மட்டும்தானா? லிபியாவை எடுத்துக்கொள்ளலாம். 2011-ல் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தபோது, வேலைக்குப் போயிருந்த 15,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களை அரசு கப்பலிலும் விமானத்திலும் மீட்டு வந்தது பலருக்கு நினைவிருக்கும். 'லிபியன்' என்ற சொல்லின் கதையும் கிட்டத்தட்ட மலபார் கதைதான்.

எகிப்துக்கு மேற்கே, பாலைவன ஓரத்தில் 'லிபு' என்ற ஒரு கூட்டம் வாழ்ந்தது. கி.மு. 13-ம் நூற்றாண்டின் எகிப்தியக் கல்வெட்டுகளில் அவர்கள் பெயர் இருக்கிறது. 'ல' ஒலிக்குத் தனி எழுத்து இல்லாததால் எகிப்தியர் 'ர'வை வைத்து எழுதினார்கள். மெர்னெப்டா என்ற எகிப்திய மன்னர் அவர்களோடு பெரிய போர் நடத்தியிருக்கிறார். தமிழ் பைபிளின் பழைய ஏற்பாட்டில் 'லூபியர்' என்று வருகிறவர்களும் இவர்களே.

பிறகு கிரேக்கர்கள் வந்தார்கள். அந்த ஒரு கூட்டத்தின் பெயரை எடுத்து, தாங்கள் அறிந்த வட ஆப்பிரிக்கா முழுவதற்கும் வைத்தார்கள். கி.மு. 5-ம் நூற்றாண்டில் ஹெரோடோடஸ் எழுதும்போது உலகமே மூன்று பாகம்: ஐரோப்பா, ஆசியா, லிபியா. அதாவது, இன்றைக்கு நாம் ஆப்பிரிக்கா என்று சொல்வது அவருக்கு லிபியா. அந்த 'ஆப்பிரிக்கா' மட்டும் என்ன, அதுவும் கார்த்தேஜ் நகரத்தை ஒட்டி வாழ்ந்த 'ஆப்ரி' என்ற மக்களின் பெயரை ரோமானியர் நீட்டி நீட்டி ஒரு கண்டத்துக்கே வைத்ததுதான்.

அரபுகள் வந்த பிறகு லிபியா என்ற பெயர் அந்த மண்ணில் வழக்கொழிந்தது. மக்கள் தங்களைத் திரிப்போலிக்காரர், பர்காக்காரர், பெசான்காரர் என்று பகுதி பகுதியாகத்தான் சொல்லிக்கொண்டார்கள். 1911-ல் இத்தாலி படையெடுத்து வந்தது. ரோமப் பேரரசின் வாரிசு என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்ட இத்தாலி, பழைய ஏட்டிலிருந்து 'லிபியா'வைத் தூசி தட்டி எடுத்தது. 1934-ல் திரிப்போலியையும் பர்காவையும் இணைத்து அந்தப் பெயரைச் சூட்டியது.

1951 டிசம்பர் 24 அன்று நாடு சுதந்திரம் பெற்றது. ஆண்டவன் வைத்த பெயரைத் தூக்கிப் போட்டிருக்கலாம். அவர்கள் போடவில்லை. மூன்று பகுதிகளும் சேர்ந்து நிற்க ஒரு பொதுப்பெயர் தேவைப்பட்டது. லிபியா என்ற பெயரே நிலைத்தது. 'லிபியன்' என்றால் இன்றைக்கு லிபு கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று பொருளில்லை. லிபிய நாட்டின் குடிமகன் என்றுதான் பொருள்.

நாமும் சளைத்தவர்கள் இல்லை

வெளியார்தான் இப்படிச் செய்தார்கள் என்று குறைப்பட்டுக்கொள்ள வேண்டியதில்லை. சங்க இலக்கியத்தில் வருகிற 'யவனர்' யார்? அயோனியர் என்பது கிரேக்கர்களில் ஒரு பிரிவு. அந்தப் பெயர் பாரசீகம் வழியாக இந்தியாவுக்குள் வந்து, கடைசியில் மேற்கிலிருந்து கப்பலில் வந்த கிரேக்கர், ரோமானியர் எல்லோருமே நமக்கு யவனர் ஆனார்கள்.

'பறங்கி' இன்னும் சுவாரஸ்யம். பிராங்க் என்பது ஒரு ஜெர்மானியக் குலம். அரபுக்காரர்கள் மேற்கு ஐரோப்பியர் எல்லோரையும் அந்தப் பெயரில் அழைத்தார்கள். அது நம் வாயில் பறங்கி ஆயிற்று. கப்பலில் வந்த போர்ச்சுகீசியரைப் பறங்கி என்றோம். அவர்களால் பரங்கிப்பேட்டை வந்தது, பறங்கிமலை வந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய்கூட பறங்கிக்காய் ஆயிற்று. மெக்சிகோவிலிருந்து வந்த பூவுக்குத் துருக்கியர் பெயரைச் சேர்த்துத் துலுக்கச் சாமந்தி என்றோம்.

பிரான்ஸ் என்ற நாட்டின் பெயரும் அதே பிராங்க் குலத்திலிருந்து வந்ததுதான். நம்மை மலபார் என்றவர்களை நாம் பறங்கி என்றோம். அந்தக் கணக்கு சரியாகப் போய்விட்டது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நாம் பறங்கி என்று சொன்னதால் எந்த போர்ச்சுகீசியரின் குடும்பப் பெயரும் மாறவில்லை. அவர்கள் எழுதிய பதிவேட்டில் நம்மவர்களின் பெயரும் ஊரும் மாறின.

காரைக்கால் துறையில்

ரீயூனியன் தீவில் 1848 டிசம்பர் 20 அன்று அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. கண்ணில் பட்டது இந்தியா. அதற்கு 20 வருடம் முன்பே, 1828-ல், ஏனாமிலிருந்து 15 தெலுங்குத் தொழிலாளிகளைக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். இப்போது பெரிய அளவில் ஆள் பிடிக்கும் வேலை தொடங்கியது.

5 வருட ஒப்பந்தம். கூலி, சாப்பாடு, துணி தருவோம், முடிந்ததும் திரும்ப அனுப்பிவிடுவோம் என்று பேச்சு. மேஸ்திரிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார்கள். பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் பாதி வேலையை அவர்களுக்காகச் செய்து வைத்திருந்தன. பொய் சொல்லி ஏமாற்றி ஏற்றியதும் உண்டு.

1860-லும் 1861-லும் பிரெஞ்சு அரசும் ஆங்கிலேய அரசும் போட்ட ஒப்பந்தங்களுக்குப் பிறகு, ஆங்கிலேயர் ஆண்ட மாவட்டங்களிலிருந்தும் பிரெஞ்சுத் துறைமுகங்கள் வழியாக ஆள் போக அனுமதி கிடைத்தது. தஞ்சாவூர்ச் சீமைக்கு அருகில் இருந்த துறை, காரைக்கால். வரிச்சிக்குடி போன்ற பக்கத்து ஊர்க்காரர்கள் மட்டுமல்லாமல், பல நாள் நடந்து வந்த உள்நாட்டு விவசாயிகளும் இங்கேதான் கப்பல் ஏறினார்கள்.

ரீயூனியனோடு நிற்கவில்லை. அட்லாண்டிக் கடலைத் தாண்டி, கரீபியன் தீவுகளான மார்த்தினிக்குக்கு 1853-லும், குவாதலூப்புக்கு 1854-லும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. ஏறக்குறைய 3 மாதக் கடல் பயணம். மார்த்தினிக்குக்கு 25,000-க்கு மேல், குவாதலூப்புக்கு சுமார் 42,000 பேர் போனார்கள். ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை ஆங்கிலேய அரசு 1882-ல் நிறுத்தியது. கரீபியன் தீவுகளுக்கு 1888-ல் நின்றது. திரும்பி வராதவர்களே அதிகம்.

எழுத்தர் காதில் விழுந்தது

ஏறும்போது பதிவேட்டில் எழுத வேண்டும். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர். எதிரே நிற்பவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எழுதுகிறவருக்குத் தமிழ் ஒலி பிடிபடாது. 'ழ'வும் 'ள'வும் 'ண'வும் பிரெஞ்சில் இல்லை. காரைக்காலே அவர்கள் எழுத்தில் 'கரிக்கல்'. தரங்கம்பாடி 'திராங்கபார்'. 'வரிச்சிக்குடி' என்று ஒருவர் சொல்லியிருந்தால் காகிதத்தில் என்னவாக விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து, நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை. தகப்பன் பெயர் தலைப்பெழுத்தாக வரும், அடுத்த தலைமுறையில் மாறிவிடும். பிரெஞ்சுச் சட்டத்துக்குக் குடும்பப் பெயர் வேண்டும். அதனால் அன்றைக்குக் கப்பலில் போனவரின் பெயரோ, அவர் அப்பா பெயரோ அப்படியே உறைந்து, பேரன் கொள்ளுப்பேரன் எல்லோருக்கும் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. ராமசாமி, முத்துசாமி, பெருமாள் மட்டுமல்ல. மீனாட்சி என்ற பெண் பெயரும் இன்றைக்கு அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான குடும்பப் பெயர்.

ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும் தரப்பட்டது. தீவில் இறங்கியதும், தொற்றுநோய் பயத்தில் முதலில் தனிமை முகாம். ரீயூனியனில் அந்த முகாம் இருந்த இடம் கிராந்த் ஷலூப். அந்தக் கட்டடங்கள் இன்றும் நினைவிடமாகப் பாதுகாக்கப்படுகின்றன. அங்கிருந்து தோட்டம். தோட்டத்தில் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, ஏனாம் என்ற பிரிவெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை. தமிழரானாலும் தெலுங்கரானாலும் எல்லோரும் மலபார். அது ஏவல் சொல்லாக இருந்தது. சில வாய்களில் வசவாகவும் இருந்தது.

வசவு, விலாசம் ஆன கதை

தமிழ்ப் பேச்சு இரண்டு மூன்று தலைமுறையில் தேய்ந்தது. பிள்ளைகள் கிரியோல் பேசினார்கள். பள்ளிக்கும் பதிவுக்கும் கிறிஸ்தவப் பெயர், வீட்டுக்குத் தமிழ்ப் பெயர் என்று இரட்டை வாழ்க்கை. ஆனாலும் கோயில் இருந்தது. பொருள் புரியாவிட்டாலும் மந்திரமும் பாட்டும் காது வழியாகப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்தக் கோயில்களில் காரைக்கால் பக்கத்துக்காரர்களை நெகிழவைக்கும் ஓர் அடையாளம் உண்டு. பல மல்பார் கோயில்களில் ஒரு கொடிமரம் தனியாக நிற்கும். அது நாகூர் மீராவுக்கு. ஆம், காரைக்காலுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிற நாகூர் தர்கா ஆண்டவர்தான். கடலில் போகிறவர்களைக் காப்பவர் என்று நம்பிக் கும்பிட்டுக் கப்பல் ஏறியவர்கள், கரை இறங்கியதும் அவருக்கும் தங்கள் கோயிலிலேயே இடம் கொடுத்தார்கள். மார்த்தினிக், குவாதலூப்பிலும் மாரியம்மன், மதுரை வீரனோடு அவர் பெயர் நிலைத்திருக்கிறது.

சாப்பாட்டிலும் ஊர் தங்கியது. கறி அங்கே 'காரி'. தக்காளி, மிளகாய் அரைத்துச் செய்கிற தொட்டுக்கொள்ளும் 'ருகாய்' என்ற பண்டத்துக்குப் பெயர் வந்தது ஊறுகாயிலிருந்து என்கிறார்கள். இன்றைக்கு அது மல்பார்கள் மட்டுமல்ல, தீவில் எல்லோரும் சாப்பிடுகிற பண்டம்.

காலம் போகப் போக 'மல்பார்' என்ற சொல்லிலிருந்து வசவு உதிர்ந்தது. பிரான்ஸில் இனவாரிக் கணக்கெடுப்பு கிடையாது; என்றாலும் தீவு மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மல்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வந்தார்கள், மேயர்கள் வந்தார்கள். செந்தாந்த்ரே நகரத்தில் தீபாவளி ஊரே கூடும் விழா. 'நாங்கள் மல்பார்கள்' என்று தலை நிமிர்ந்து சொல்கிறார்கள். 'அது பிறர் வைத்த பெயர். நாம் தமிழர் என்றே சொல்லிக்கொள்வோம்' என்று தமிழ் கற்று, சைவ முறைப்படி கோயில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே குடும்பத்திலேயே இரண்டு கருத்தும் இருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை. சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, பக்கத்துத் தீவு மொரீஷியஸ். அங்கும் 'மல்பார்' என்ற சொல் உண்டு. ஆனால் அங்கே அது குறிப்பது பீகார்ப் பக்கத்திலிருந்து போன இந்துக்களை. கொஞ்சம் மட்டம் தட்டும் தொனியும் சேர்ந்திருக்கும். தமிழர்களுக்கு அங்கே வேறு பெயர்: 'மதராஸ்'. பிரான்ஸிலோ பேச்சுவழக்கில் 'மலபார்' என்றால் கட்டுமஸ்தான ஆள் என்று பொருள். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துச் சொல் எங்கெங்கோ போய் என்னென்னவோ ஆகிவிட்டது.

சிதம்பரத்தின் 19 வருடம்

பெயர் விஷயம் வெறும் மனத்தாங்கலோடு முடிந்துவிடாது என்பதற்கு ஒரு சாட்சி, ஹென்றி சிதம்பரம். 1863-ல் குவாதலூப்பில், இந்தியாவிலிருந்து போன பெற்றோருக்குப் பிறந்தவர். பதிவேட்டில் அவர் குடும்பப் பெயர் 'சிதம்பரோம்'.

அந்த மண்ணிலேயே பிறந்திருந்தாலும், கூலிக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு வாக்குரிமை இல்லை என்றார்கள். 'இவர்கள் இந்தியர்கள், ஆங்கிலேயப் பிரஜைகள்' என்பது அரசு சொன்ன காரணம். இந்தியாவுக்குப் போனால் ஊரும் தெரியாது, பேச்சும் தெரியாது. இங்கேயோ குடிமக்கள் இல்லை. 1904-ல் சிதம்பரம் வழக்கில் இறங்கினார். 1923-ல்தான் தீர்வு வந்தது. குவாதலூப்பில் பிறந்த இந்தியர்களும் பிரெஞ்சுக் குடிமக்கள் என்று ஏற்கப்பட்டது. 19 வருடப் போராட்டம். அவர் 1952 வரை வாழ்ந்தார்.

'நீ யார்' என்ற கேள்விக்கு அடுத்தவர் எழுதி வைத்த பதில், ஒரு மனிதனின் வாக்கை, பள்ளியை, நிலத்தைத் தீர்மானித்தது.

'எந்த ஊரு?'

இன்றைக்கு ரீயூனியனிலிருந்தும் கரீபியன் தீவுகளிலிருந்தும் தங்கள் வேரைத் தேடித் தமிழ்நாட்டுக்கும் காரைக்காலுக்கும் வருகிறவர்கள் உண்டு. கையில் பழைய பதிவின் நகல். அதில் கப்பல் பெயர் இருக்கும், எண் இருக்கும். ஊர்ப் பெயர்தான் தகராறு. 'கரிக்கல்' என்று இருந்தால் அது பிறந்த ஊரா, ஏறிய துறையா? பிரெஞ்சு எழுத்தில் இருக்கிற கிராமத்துப் பெயரை வாய்விட்டு நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்து, இது எந்தக் குடி, எந்தச் சேரி, எந்த மங்கலம் என்று நம்மூர்க்காரர்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊர்களின் பெயரில் வருகிற 'குடி' என்ற சொல்லுக்கு வீடு என்றும் பொருள், குடும்பம் என்றும் பொருள், ஊர் என்றும் பொருள். வரிச்சிக்குடியில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெயருக்கும் முன்னால் கேட்கிற கேள்வி, 'எந்த ஊரு?' என்பதுதான். பதில் வந்ததும், 'அந்த ஊர்ல இன்னாரைத் தெரியுமா?' என்று பேச்சு நீளும்.

டெல்லிப் பக்கம் போனால் நம் எல்லோருக்கும் ஒரே பெயர், மதராஸி. திருநெல்வேலியும் காரைக்காலும் விஜயவாடாவும் அங்கே ஒன்று. அதைக் கேட்டால் சுருக்கென்று இருக்கும்.

இங்கே டெல்டா வயல்களில் சில வருடங்களாக நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கயிறு பிடித்த மாதிரி வரிசையாக நட்டுக்கொண்டு போகிறார்கள். கரையில் நிற்கிறவர்கள் அவர்களைச் சொல்வது, 'இந்திக்காரங்க'. அவர்கள் பேசுவதோ வங்காளம். அவர்களுக்கும் ஒரு மாவட்டம் இருக்கிறது. அதில் ஆற்றங்கரையில் ஒரு கிராமம் இருக்கும். அதன் பெயரை இங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

காரைக்கால் துறையில் நின்ற எழுத்தருக்குத் தமிழ் தெரியாது. கரையில் நிற்கிற நம்மிடம் போன் இருக்கிறது, அதில் மொழிபெயர்ப்பு இருக்கிறது. மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போது, 'எந்த ஊருப்பா?' என்று கேட்க இரண்டு நிமிடம் போதும்.